சண்டைக்கு முன் ஓர் எறிவு: பழைய பாத்திர விளையாட்டு விதிநூல்களும் கொழும்புத் தமிழ் மேசையும்

வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் முந்நூற்றிநாலு ஆடிப் பழகியவர் கொட்டாஞ்சேனையில் இன்னொரு வீட்டில் சீட்டெடுக்க உட்கார்ந்தால், முதல் கை போடும் முன்பே ஒன்றைக் கேட்டுக்கொள்வார்: "இங்க எப்பிடி ஆடுறனீங்கள்?" சீட்டுக் கணக்கு எங்கும் ஒன்றுதான். 32 சீட்டு, ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு வகைக்கு 76, நான்கு வகைக்கும் 304. முதல் நான்கு சீட்டைப் பார்த்து ஏலம் கேட்கத் தொடங்குவார்கள்; 160க்குக் குறைய முடியாது. அதிகம் கேட்டவர் துரும்பைக் குப்புற வைப்பார். இதற்கு மேல், எந்தக் கை வந்தால் சீட்டைத் திரும்பக் கலைக்கலாம் என்பது போன்ற பல விடயங்கள் வீட்டுக்கு வீடு மாறும். அதே 32 சீட்டில் ஆடும் ஓமியில் சீட்டுக்குப் பெறுமதி கிடையாது. எட்டுப் பிடியில் யாருக்குக் கூட என்பதே கணக்கு. இரண்டையும் ஆடியவர்கள் எது உயர்ந்தது என்று வாதிடுவதில்லை. யார் கூடியிருக்கிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்த்துத் தெரிவு செய்வார்கள்.

பாத்திர விளையாட்டுகளின் பழைய விதிநூல்களை ஒப்பிடும்போதும் இதே பார்வை வேண்டும் என்பது என் துணிபு. 1974க்கும் 1981க்கும் இடையில் அமெரிக்காவில் வெளியான நூல்களே இத்துறையின் அடித்தளம். உலகெங்கும் அவற்றை இன்று புதிதாக அச்சிட்டு ஆடுகிறார்கள். அவற்றுள் ஐந்தை எடுத்து, ஒரே காட்சியை ஐந்து விதிகளிலும் நடத்திப் பார்த்து, கொழும்பில் தமிழில் ஆட விரும்பும் ஒரு கூட்டத்துக்கு எது பொருந்தும் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் வேலை. பொதுவாக இத்தகைய ஒப்பீடுகள் சண்டை விதிகளையே சுற்றும். சண்டை தொடங்குமா இல்லையா என்பதை அந்தந்த நூல் எப்படி முடிவு செய்கிறது என்பதுதான் அவற்றைப் பிரித்துக் காட்டும் முக்கிய அடையாளம் என்று நான் கருதுகிறேன்.

பெட்டிக்குள் மூன்று சிறுநூல்கள்

இந்த விளையாட்டில் பலகை கட்டாயமில்லை. ஒருவர் நடுவராக இருப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வீரன், மந்திரவாதி, பூசகர். நடுவர் இடத்தை விவரிப்பார். ஆடுபவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். விளைவு ஐயத்துக்குரியதானால் பகடை உருளும். வெற்றி தோல்வி என்று ஒரு முடிவு கிடையாது. பாத்திரம் பிழைத்திருக்கும் வரை கதை தொடரும்.

இதன் வேர் போர் விளையாட்டில் இருக்கிறது. மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி 1969இல் நடத்திய பிரவுன்ஸ்டைன் என்ற ஆட்டத்தில், படைகளை நகர்த்துவதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் ஊரிலுள்ள ஒரு மனிதராக ஆடினார்கள். அதில் ஆடிய டேவ் ஆர்னசன், பிளாக்மூர் என்ற கற்பனை நாட்டையும் அதன் கோட்டைக்குக் கீழே நிலவறைகளையும் உருவாக்கினார். விஸ்கொன்சினில் லேக் ஜெனீவா என்ற ஊரிலிருந்த கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரனுடன் சேர்ந்து 1971இல் செயின்மெயில் என்ற இடைக்காலப் போர் விதிநூலை எழுதியிருந்தார். ஆர்னசனின் நிலவறையும் கைகாக்ஸின் எழுத்தும் சேர்ந்து, 1974இல் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் பிறந்தது. டிஎஸ்ஆர் என்ற சிறு நிறுவனம் மூன்று சிறுநூல்களை ஒரு பெட்டியில் வைத்து, முதலில் 1,000 பிரதிகள் அச்சிட்டது.

அந்தப் பெட்டியை இன்று படிப்பவருக்குத் திகைப்பே வரும். பல இடங்களில் செயின்மெயில் கையில் இருப்பதாக நினைத்தே எழுதியிருக்கிறார்கள். காட்டில் பயணம் செய்ய அவலன் ஹில் நிறுவனம் வெளியிட்ட வேறொரு விளையாட்டின் வரைபடத்தை வாங்கச் சொல்கிறார்கள். ஒரு சுற்று எப்படி நடக்கிறது என்பதே தெளிவாக இல்லை. ஆகவே வாங்கிய ஒவ்வொரு ஊரும் இடைவெளிகளைத் தன் போக்கில் நிரப்பியது. அந்த நிரப்பல்களிலிருந்து கிளை நூல்கள் பிறந்தன.

அரிசோனாவில் கென் செயின்ட் ஆன்ட்ரே 1975இல் எழுதிய டனல்ஸ் அன்ட் ட்ரோல்ஸ் எளிமையை நாடியது. சாதாரண ஆறுமுகப் பகடை மட்டும் அதற்குப் போதும். 1978இல் கேயோசியம் நிறுவனம் வெளியிட்ட ரூன்குவெஸ்ட், ஸ்டீவ் பெரினும் தோழர்களும் எழுதியது. பாத்திரங்களை வகுப்பாகப் பிரிக்கும் முறையையே அது கைவிட்டது. கைகாக்ஸ் எதிர்த்திசையில் போனார். 1977 முதல் 1979 வரை மூன்று பெருநூல்களாக வந்த அட்வான்ஸ்ட் பதிப்பில் எல்லாவற்றுக்கும் அட்டவணை உண்டு. எந்த ஊரிலும் ஒரே விதியில் ஆடவும் போட்டிகள் நடத்தவும் முடியவேண்டும் என்பது அவரது நோக்கம். 1981இல் டொம் மோல்ட்வே எழுதிய பேசிக் நூலும், டேவிட் குக் ஸ்டீவ் மார்ஷுடன் சேர்ந்து தயாரித்த எக்ஸ்பேர்ட் நூலும் வந்தன. ஒவ்வொன்றும் 64 பக்கம். 1974இன் விளையாட்டை முதன்முறை படிப்பவருக்கும் விளங்கும்படி ஒழுங்காகச் சொன்னவை இவையே. ஐந்து நூல்களும் அறிமுகமாகிவிட்டன. இனி ஆடிப் பார்க்கலாம்.

ஒரு நிலவறை, நான்கு பேர்

கொட்டாஞ்சேனையை ஒட்டிய மேட்டில், 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த வூல்வெண்டால் தேவாலயம் இன்றும் நிற்கிறது. அதிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒல்லாந்தர் காலக் கிடங்கொன்று இருப்பதாகவும் அதன் தரைக்குக் கீழே நிலவறை ஒன்று இருப்பதாகவும் கற்பனை செய்துகொள்வோம். வீரன், கள்ளன், மந்திரவாதி, பூசகர் என நால்வர் படியிறங்குகிறார்கள். எல்லோரும் அனுபவத்தில் முதற்படியில் இருப்பவர்கள். முதல் அறையில் இரும்புப் பட்டை போட்ட பெட்டகம். பூட்டுத் துவாரத்துக்குள் நஞ்சு தோய்ந்த ஊசி. பக்கத்து வழியில் கொப்ளின் எனப்படும் குட்டிப் பூதங்கள் ஆறு எதையோ பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. பெட்டகத்துக்குள் 400 பொற்காசு.

பெட்டகத்திலிருந்து தொடங்குவோம். 1974இன் மூல நூலில் கள்ளன் என்ற வகுப்பே கிடையாது. வீரன், மந்திரவாதி, பூசகர் மூன்றுதான். எனவே ஊசியைக் கண்டுபிடிப்பது பேச்சில் நடக்கவேண்டிய வேலை. "பூட்டுக்குள்ள வெளிச்சம் பிடிச்சுப் பாக்கிறன்" என்று ஒருவர் சொன்னால், "உள்ளே ஏதோ மினுங்குகிறது" என்று நடுவர் பதில் சொல்வார். "பின்பக்கத்துப் பலகையை உடைக்கிறம்" என்று இன்னொருவர் சொன்னால் ஊசி வீணாகிவிடும். பகடைக்கு வேலையே இல்லை. கேட்கத் தெரிந்தவர் பிழைப்பார். கையை நீட்டியவர் நஞ்சுக்குத் தப்ப இருபது முகப் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் எறியவேண்டும். வீரனுக்கு அது 45 சதவீத வாய்ப்பு. தவறினால் சாவு.

1975இல் கிரேஹாக் என்ற இணைப்பு நூல் கள்ளனைக் கொண்டுவந்தது. 1981இன் பேசிக் நூலில் முதற்படிக் கள்ளன் பொறியைக் கண்டுபிடிக்க 10 சதவீத வாய்ப்பு. அட்வான்ஸ்டில் 20 சதவீதம். இந்த எண்கள் வந்தவுடன் மேசையின் இயல்பு மாறியது. வெளிச்சம் பிடித்துப் பார்க்கிறேன் என்று சொன்ன வீரனிடம், "அது கள்ளன்ர வேலை" என்று சொல்ல நடுவருக்கு இடம் கிடைத்தது. முன்பு எல்லோருக்கும் பொதுவாக இருந்த ஒரு செயலை, ஒருவருக்கு எழுதிக்கொடுத்த விதி மற்ற மூவரிடமிருந்தும் பறித்தது. பத்தில் ஒன்பது முறை தோற்கிற எண்ணைக் கையில் வைத்திருக்கும் கள்ளனும் இதில் பெரிதாக எதையும் பெறவில்லை. விதிநூலில் ஒரு வரி கூடினால் மேசையில் ஒரு பேச்சுக் குறையக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஆயினும் பேசிக் நூல் இந்த இழப்பை இன்னொரு பக்கத்தால் ஈடு செய்தது. அதில் நிலவறை நேரம் பத்து நிமிடக் கூறுகளாக எண்ணப்படும். ஒரு தேடலுக்கு ஒரு கூறு. தீப்பந்தம் ஆறு கூறுக்கு எரியும். இரண்டு கூறுக்கு ஒருமுறை நடுவர் ஆறுமுகப் பகடை எறிவார். 1 விழுந்தால் அலைந்து திரியும் ஏதோவொன்று எதிர்ப்படும். பெட்டகத்தோடு மினக்கெடுவதற்கு இப்படி ஒரு விலை வந்துவிடுகிறது. திரும்பவும் தேடுவதா, உடைப்பதா, விட்டுவிட்டுப் போவதா என்று நால்வரும் கூடிப் பேசித்தான் ஆகவேண்டும்.

டனல்ஸ் அன்ட் ட்ரோல்ஸ் எல்லா ஆபத்தையும் ஒரே எறிவில் அடக்குகிறது. 1979இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, எளிய ஆபத்துக்கு 20இலிருந்து பாத்திரத்தின் அதிர்ஷ்ட எண்ணைக் கழித்து, வரும் தொகையை இரண்டு பகடையில் எறியவேண்டும். அதிர்ஷ்டம் 12 என்றால் 8 வேண்டும். இரட்டை விழுந்தால் திரும்ப எறிந்து கூட்டிக்கொள்ளலாம். ரூன்குவெஸ்டில் வகுப்பு இல்லாததால் பொறி அகற்றும் திறனை யாரும் வளர்த்துக்கொள்ளலாம். நஞ்சின் வீரியத்தையும் உடல் வலுவையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பார்கள்: சமமென்றால் 50 சதவீதம், ஒவ்வொரு புள்ளி வித்தியாசத்துக்கும் 5 சதவீதம் ஏறும் அல்லது இறங்கும். ஒருமுறை சொன்னால் மனத்தில் நிற்கிற விதி இது.

ஆறு கொப்ளின்கள்

இனிப் பக்கத்து வழிக்குப் போவோம். கொப்ளின்கள் நம் நால்வரையும் கண்டுவிட்டன. என்ன நடக்கும்?

பேசிக் நூலின் விடை, முதலில் இரண்டு ஆறுமுகப் பகடையை எறி என்பதே. 2 விழுந்தால் உடனே தாக்குவார்கள். 3 முதல் 5 என்றால் தாக்கக்கூடும். 6 முதல் 8 என்றால் குழம்பி நிற்பார்கள். 9 முதல் 11 என்றால் தாக்கமாட்டார்கள். விலகிப் போவார்கள் அல்லது சொல்வதைக் கேட்பார்கள். 12 என்றால் நட்போடு வரவேற்பார்கள். கணக்குப் போட்டால், உடனடித் தாக்குதலுக்கு வாய்ப்பு 36இல் 1 மட்டுமே. குழப்பத்துக்கு 36இல் 16. அதாவது இந்த விதியை ஒழுங்காகப் பின்பற்றும் மேசையில் பெரும்பாலான சந்திப்புகள் வாளில் தொடங்குவதில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பதில்தான் தொடங்கும். அந்த இடத்தில் ஆடுபவர் சொல்லும் முதல் வாக்கியத்துக்குப் பெறுமதி உண்டு.

1974இன் நூலிலும் இதே எறிவு உண்டு. 2 முதல் 5 பாதகம், 6 முதல் 8 ஐயம், 9 முதல் 12 சாதகம். ஆனால் அது ஓரிடத்தில் சுருக்கமாகக் கிடக்கிறது, கவனிக்காமல் கடந்துவிடலாம். அட்வான்ஸ்ட் இதை நூற்றுக்கு என்ற பெரிய அட்டவணையாக விரித்தது. சந்திப்பில் ஒழுங்காக வரும் ஒரு படியாக இதை வைத்தது பேசிக் நூலே.

பேச்சு முறிந்தது என்று வைத்துக்கொள்வோம். பேசிக்கில் சண்டைச் சுற்று 10 வினாடி. மனவுறுதி, நகர்வு, எறிபடை, மந்திரம், கைகலப்பு என்று வரிசை. கொப்ளினின் கவச எண் 6. முதற்படிப் பாத்திரம் அதை அடிக்க இருபது முகப் பகடையில் 13 வேண்டும், அதாவது 40 சதவீதம். கொப்ளினுக்கும் அதே அளவு கவசமுள்ள ஒருவரை அடிக்க 13தான் வேண்டும். அடி விழுந்தால் ஆறுமுகப் பகடை சேதம். மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி நான்குமுகப் பகடையால் தீர்மானிக்கப்படும், பூச்சியத்தில் சாவு. ஆகவே ஒரு கொப்ளினின் ஒரே அடியில் முதற்படி மந்திரவாதி சாவதற்கு நான்கில் மூன்று வாய்ப்பு. மூல நூலில் மந்திரவாதிக்கும் ஆறுமுகப் பகடை உயிர் என்பதால் அது 58 சதவீதமாகக் குறையும். இரண்டுமே பயங்கரம். வாளை உருவும் முன் யோசி என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

கொப்ளினுக்கும் உயிர் வெல்லம்தான். முதல் கொப்ளின் விழுந்ததும், பின்னர் பாதிப் பேர் விழுந்ததும் நடுவர் இரண்டு பகடை எறிவார். கொப்ளினின் மனவுறுதி 7. அதற்கு மேல் விழுந்தால் ஓடுவார்கள் அல்லது பணிவார்கள். ஒவ்வொரு சோதனையிலும் அதற்கு 42 சதவீத வாய்ப்பு. பணிந்தவரை என்ன செய்வது என்பது அடுத்த பேச்சு.

அட்வான்ஸ்டில் சுற்று ஒரு நிமிடம். அது பத்துக் கூறாகப் பிரியும். குத்துவாளின் வேக எண் 2, நெடுவாளுக்கு 5, இருகை வாளுக்கு 10. ஒவ்வோர் ஆயுதத்துக்கும் ஒவ்வொரு கவசத்துக்கும் எதிராகக் கூட்டல் கழித்தல் உண்டு. பெரிய உடம்புக்காரருக்குத் தனிச் சேதம் உண்டு. இதில் ஊறியவர்களுக்கு இது தரும் நுட்பம் உண்மையான நுட்பமே. முந்நூற்றிநாலில் துரும்பு கணக்குப் பார்த்து ஆடுபவரின் இன்பத்துக்குக் குறையாதது. ஆனால் ஒரு வேலைநாள் இரவில் நால்வர் புதிதாகத் தொடங்குவதற்கு இது ஆகாது.

டனல்ஸ் அன்ட் ட்ரோல்ஸில் ஒரு பக்கத்தார் எல்லோரும் தங்கள் பகடைகளை ஒன்றாக எறிந்து கூட்டுவார்கள், எதிர்ப்பக்கமும் அப்படியே. குறைந்த பக்கம் வித்தியாசத்தைச் சேதமாக ஏற்றுத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும். 14 என்ற அரக்க எண் கொண்ட கொப்ளின் இரண்டு பகடையும் 7 கூட்டலும் எறியும். சண்டை விரைவில் முடியும்; மேசை முழுதும் ஒரே மூச்சில் ஆர்ப்பரிக்கும். ஒருவர் தனித்துச் செய்யும் தந்திரம் மட்டும் கூட்டுத்தொகைக்குள் கரைந்துவிடும். ரூன்குவெஸ்ட் இதற்கு நேர் எதிர். அடிப்பவர் ஒரு சதவீதம் எறிவார். தடுப்பவர் இன்னொன்று எறிவார். பட்டால் எந்த உறுப்பில் என்று மூன்றாவது. ஒரு கால் போனால் வீரன் விழுந்துவிடுவான். அனுபவம் கூடினாலும் உடம்பு மனித உடம்பாகவே இருக்கும். அதை ஆடியவர்கள் சண்டைக்கு அஞ்சக் கற்றுக்கொள்வார்கள்.

எதற்குப் பரிசு?

ஒரு விதிநூல் எதைச் செய்யச் சொல்கிறது என்று அறிய, அது எதற்குப் புள்ளி கொடுக்கிறது என்று பார்த்தால் போதும். 1974இல் எதிரியின் உயிர்ப்பகடை ஒன்றுக்கு 100 வீதம் அனுபவப் புள்ளி. ஆறு கொப்ளினைக் கொன்றால் சுமார் 600. அடுத்த ஆண்டே கிரேஹாக் இதை மிகையென்று கண்டு கடுமையாகக் குறைத்தது. 1981இன் பேசிக்கில் ஒரு கொப்ளினுக்கு 5 புள்ளிதான். ஆறையும் கொன்றால் 30. நால்வருக்கும் பிரித்தால் ஆளுக்கு ஏழரை. ஆனால் வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி. பெட்டகத்தின் 400 காசு ஆளுக்கு 100 தருகிறது. வீரன் இரண்டாம் படிக்கு ஏற 2,000 வேண்டும், கள்ளனுக்கு 1,200.

இந்த எண்களை மரணத்தின் எண்களோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். ஏழரைப் புள்ளிக்காக மந்திரவாதியின் உயிரைப் பணயம் வைப்பவர் யாருமில்லை. கொப்ளின்களோடு பேரம் பேசி, பங்கு கொடுத்து, பெட்டகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவதே அறிவு. சண்டை விளையாட்டு என்று பெயர் வாங்கிய ஒன்று, உள்ளே சண்டையைத் தவிர்ப்பவருக்கே பரிசு தருகிறது. எதிர்கொள்ளும் எறிவு, மனவுறுதி, பொற்காசுப் புள்ளி, விரைந்த சாவு ஆகிய நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றவை சரியும். பிற்காலத்தில் பலர் பொற்காசுப் புள்ளியை மட்டும் பொருந்தாததென்று கைவிட்டு, எதிரியைக் கொல்வதற்கான புள்ளியை வைத்துக்கொண்டார்கள். அதன்பின் அவர்களுடைய மேசைகளில் ஏன் ஓயாமல் சண்டை நடக்கிறது என்பதற்குக் காரணம் இதில் இருக்கிறது.

ரூன்குவெஸ்ட் வேறொரு நல்ல வழியைக் காட்டுகிறது. அங்கே அனுபவப் புள்ளியே இல்லை. பயணத்தில் வெற்றியோடு பயன்படுத்திய திறனைக் குறித்துவைத்து, பின்னர் அந்தத் திறனின் எண்ணைத் தாண்டி எறிந்தால் திறன் 5 சதவீதம் உயரும். 30 சதவீதம் தெரிந்தவர் முன்னேற 70 சதவீத வாய்ப்பு. 90 தெரிந்தவருக்குப் பத்தே. கற்றுக்கொள்வதன் உண்மை இயல்பு அதில் இருக்கிறது.

பிறப்பால் தீயவர் உண்டா?

கொழும்பில் ஆடுபவர்கள் தட்டிக்கழிக்க முடியாத கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பழைய நூல்கள் உலகத்தை அணிகளாகப் பிரிக்கின்றன. 1974இலும் 1981இலும் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என மூன்று, அட்வான்ஸ்டில் ஒன்பது. கொப்ளின் போன்ற இனங்கள் முழுவதும் பிறப்பிலேயே தீய பக்கம். அப்படி எழுதியவர்கள் மேலைநாட்டுக் கற்பனைக் கதைகளிலிருந்து அதை எடுத்தார்கள். நாமோ 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் வீடுகளும் கடைகளும் எரிந்ததைக் கண்ட ஒரு சமூகம். ஒருவர் யார் என்பதைப் பேரைக் கேட்டே முடிவு செய்தால் என்ன நடக்கும் என்று அறிந்தவர்கள். ஓர் இனமே கொல்லத்தக்கது என்ற விதியை, விளையாட்டுத்தானே என்று நம் பிள்ளைகளின் மேசையில் வைக்க எனக்கு மனமில்லை.

இங்கேதான் அந்த முதல் எறிவின் அருமை விளங்குகிறது. அணிப் பட்டியல் கொப்ளினைத் தீயதென்று எழுதினாலும், இரண்டு பகடை அதை அப்படியே ஏற்பதில்லை. எதிரே நிற்பவர் என்ன நினைக்கிறார் என்று பார்க்காமல் முடிவெடுக்காதே என்கிறது. ஒரே நூலுக்குள் இரண்டு அறங்கள் மோதுகின்றன. அணிப் பட்டியலை நீக்கிவிட்டு எறிவை வைத்துக்கொண்டாலும் விளையாட்டுக்கு ஒரு குறையும் வராது. சில மந்திரங்களின் விவரணையை மட்டும் திருத்தினால் போதும்.

பூசகர் வகுப்பும் இப்படியே. இடைக்கால ஐரோப்பியத் திருச்சபையின் சாயலில், கூரிய ஆயுதம் ஏந்தாமல், பேய்களை விரட்டும் ஒருவராக அவர் படைக்கப்பட்டார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எடுப்பித்த பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில், புனித லூசியா பேராலயம், தீபதுத்தமாராமய விகாரை, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஊரில், சமயத்தை ஒரே ஒரு வகுப்புக்குள் அடைப்பது செயற்கையானது. ரூன்குவெஸ்டின் குளோரந்தா உலகத்தில் ஏறத்தாழ எல்லோருக்கும் ஒரு தெய்வ வழிபாடு உண்டு. உழவர், வணிகர், போர்வீரர் அனைவரும் நேர்த்தியாலும் விரதத்தாலும் ஏதோவொரு அருளைப் பெறுகிறார்கள். நம் அனுபவத்துக்கு இதுவே அருகில் இருக்கிறது.

கொழும்பு மேசைக்கு எது?

2000ஆம் ஆண்டில், இவ்விளையாட்டின் உரிமையாளரான விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனம் திறந்த விளையாட்டு உரிமம் ஒன்றை வெளியிட்டது. அதைப் பயன்படுத்திப் பழைய விதிகளைப் புதிய சொற்களில் திரும்ப எழுதத் தொடங்கினார்கள். 2006இல் ஓஸ்ரிக் அட்வான்ஸ்டை மீட்டது. 2007இல் லபிரின்த் லோர்ட் பேசிக்கை மீட்டது. 2008இல் சோர்ட்ஸ் அன்ட் விசார்ட்ரி 1974ஐ மீட்டது. 2019இல் கவின் நோர்மனின் ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ் 1981இன் விதிகளைத் தேடியெடுக்க எளிதான முறையில் அடுக்கியது. 2023 ஜனவரியில் அந்த உரிமத்தை மாற்ற நிறுவனம் முயன்றபோது எழுந்த எதிர்ப்பினால், தன் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டுக்கொடுத்தது. அதே ஆண்டில் பேசிக் ஃபேன்டசி என்ற இலவச நூலும் அவ்வகை உரிமத்துக்கு மாறியது. அதை யாரும் மொழிபெயர்த்து விற்கவும் செய்யலாம். அதே உரிமத்தில் வெளியிடவேண்டும் என்பது ஒரு நிபந்தனை. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் எழுதிய வடிவத்துக்கே பாதுகாப்புத் தருகிறது. முறைகளுக்கும் எண்ணங்களுக்கும் தருவதில்லை. ஆகவே தமிழில் ஒரு விதிநூல் எழுதச் சட்டத்தில் தடையில்லை.

அந்த நூலின் முதுகெலும்பு 1981இன் பேசிக்காக இருக்கவேண்டும். எதிர்கொள்ளும் எறிவு, மனவுறுதி, பத்து நிமிடக் கூறு, வெளியே கொண்டுவந்த செல்வத்துக்கே புள்ளி ஆகிய நான்கையும் குறையாமல் எடுத்துக்கொள்ளலாம். கள்ளனின் சதவீதங்களை விட்டுவிட்டு, 1974இல் போலப் பெட்டகத்தைப் பேச்சால் திறக்க விடலாம். டனல்ஸ் அன்ட் ட்ரோல்ஸிடமிருந்து பகடைச் சிக்கனம் வேண்டும். லூடோப் பெட்டியில் கிடக்கும் ஆறுமுகப் பகடையே போதும்படி செய்யலாம். இருபது முகத்தில் 13 என்ற 40 சதவீத வாய்ப்பு, இரண்டு ஆறுமுகப் பகடையில் 8 என்றால் 41.7 சதவீதம், வித்தியாசம் ஆடுபவருக்குத் தெரியாது. கவசம் கனக்கக் கனக்க இரண்டு முறைக்கும் இடைவெளி விரியும் என்பதால் அந்த எண்களைத் தனியே சோதித்துத் திருத்தவேண்டும். ரூன்குவெஸ்டிடமிருந்து எல்லோருக்கும் வழிபாடு என்ற கொள்கை. அட்வான்ஸ்டிடமிருந்து எடுக்க ஒன்றுமில்லையா? அதன் உதிரி விவரங்களின் வளம் நடுவர்களுக்கு நல்ல படிப்பு. ஆடிப் பழகிய கூட்டம் பின்னர் அதை நாடட்டும்.

இதற்கு 64 பக்கம் போதும். விலை ஒரு பாடசாலை மாணவனுக்குக் கட்டுப்படியாகவேண்டும். விதிகள் ஒரு மாலைக்குள் படித்து முடிப்பதாக இருக்கவேண்டும். எல்லாவற்றிலும் முதலாக, நூலைத் திறந்தவுடன் முதல் விதியாக அந்த எதிர்கொள்ளும் அட்டவணை அச்சாகவேண்டும். ஆயுதப் பட்டியலுக்கு முன்னால், மந்திரப் பட்டியலுக்கு முன்னால். ஒரு நூல் எதை முதலில் வைக்கிறதோ அதையே ஆடுபவர்கள் முதலில் செய்வார்கள். அந்நியரைக் கண்டதும் முதலில் செய்யவேண்டியது பேசிப் பார்ப்பது என்று ஒரு விளையாட்டு நம் பிள்ளைகளுக்குப் பழக்குமானால், அதைத் தமிழில் எழுதி அச்சிடுவது செய்யத்தக்க வேலை. அதற்கு வேண்டிய விதிகள் 1981இலேயே எழுதப்பட்டுவிட்டன. தெரிந்தெடுத்து நம் மொழியில் ஒழுங்காக அடுக்குவதே மீதி.